சொந்த ரவுட்டர் மாட்டிய வீட்டில் வேகம் எங்கே தங்கிவிடுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இணையம் பற்றி யாராவது என்னிடம் பேச வந்தால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் பெட்டி பழசாகிவிட்டது, அல்லது இடி விழுந்ததில் போய்விட்டது. இணையக் கடையில் மலிவு விற்பனை வந்தபோது நல்லதாக ஒன்றை வாங்கி மாட்டினார்கள். வேகம் கூடும் என்று பார்த்தார்கள், இருந்ததும் குறைந்துவிட்டது. நிறுவனத்தைக் கூப்பிட்டால், "எங்கள் பெட்டியை மாட்டிப் பாருங்கள், மற்றதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். விற்றவரைக் கேட்டால், "லைன் சரியில்லை" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது மாதாமாதம் வெள்ளி கட்டுகிற குடும்பம்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தப் பெட்டி வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. வீட்டு வாசல் வரை வந்த வேகம் உள்ளே ஏதோ ஒரு மூட்டில் தடைபடுகிறது. அந்த மூட்டு எது என்பதை வீட்டில் இருந்தபடியே, கருவி எதுவும் இல்லாமல், பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்குத் தேவையான சில எண்களை நிறுவனங்கள் வாடிக்கையாளர் கையில் எழுதிக் கொடுப்பதில்லை. என் மனக்குறை அதுதான்.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது

பட்டணத்தை ஒட்டிய தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதி வீடுகளில், ஃபைபர் வந்திருந்தால், சுவரில் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி இருக்கும். மயிரிழை போன்ற கண்ணாடிக் கம்பி அதில்தான் வந்து முடிகிறது. தொழில்நுட்பர்கள் அதைப் பிடியூ என்பார்கள். அதிலிருந்து ஒரு கேபிள் கிளம்பி, கொம்பு முளைத்த இன்னொரு பெட்டிக்குப் போகும். அது ரவுட்டர். நாம் இரண்டையும் சேர்த்து மோடம் என்று சொல்லிவிடுகிறோம். சில புதிய இணைப்புகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன.

சுவரில் இருக்கும் அந்தப் பெட்டியை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இங்கே வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் இயங்குகிறது. இணைப்பு நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே கண்ணாடி இழை, வழியில் ஒரு பிரிப்பானில் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிகிறது. நிலையத்திலிருந்து வரும் பக்கம் விநாடிக்கு சுமார் 2.5 கிகாபிட், வீட்டிலிருந்து போகும் பக்கம் சுமார் 1.25 கிகாபிட், இவற்றை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. கீழே வரும் தரவு எல்லா வீட்டுக்கும் ஒளியாகப் போய்ச் சேரும். ஒவ்வொரு பெட்டியும் தனக்குரியதை மட்டும் பூட்டுத் திறந்து எடுத்துக்கொள்ளும். மேலே போகும்போதுதான் சிக்கல். கோயில் கூட்டத்தில் ஒரே ஒலிவாங்கியை வரிசையாகக் கைமாற்றிப் பேசுவது போல, ஒவ்வொரு பெட்டியும் தன் முறை வரும்போது மட்டும் ஒளி வீச வேண்டும். முறை தெரியாத ஒரு பெட்டி இடைவிடாமல் ஒளி வீசினால் அந்தப் பிரிப்பானில் உள்ள அத்தனை வீடுகளுக்கும் இணையம் படுத்துவிடும். அதனால்தான் பெட்டியின் தொடர் எண்ணை நிலையத்தில் பதிந்து வைத்து, பதியாத பெட்டியை உள்ளே விடுவதில்லை. இந்த விஷயத்தில் நான் நிறுவனங்கள் பக்கம்.

ரவுட்டர் கதை வேறு. பிடியூவுக்கு இந்தப் பக்கம் நாம் எதை மாட்டினாலும் பக்கத்து வீட்டுக்குப் பாதிப்பில்லை. அமெரிக்காவில் 1968லேயே கார்ட்டர்ஃபோன் வழக்கில், தொலைபேசி வலையமைப்புக்குக் கெடுதல் செய்யாத கருவியை வாடிக்கையாளர் சொந்தமாக இணைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், வீட்டுக்கு எந்த ரவுட்டர் என்பதை வாடிக்கையாளரே தேர்ந்துகொள்ளச் சட்டம் உரிமை தருகிறது. இணைப்புக்கு வேண்டிய விவரங்களை நிறுவனம் கேட்காமலே தர வேண்டும். நம் நாட்டில் சொந்த ரவுட்டரை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அதை எப்படி அமைப்பது என்று கேட்டால் முகம் கொடுப்பதும் இல்லை.

அமைக்க வேண்டியது அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை. ஒரே ஃபைபர் வழியாக இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் வருவதால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். அந்த முத்திரைக்கு வீலான் என்று பெயர். டெலிகோம் மலேசியா நிறுவனத்தின் யுனிஃபை இணைப்பில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600. டெலிகோம் மலேசியாவின் அதே ஃபைபரில் சேவை தரும் மேக்சிஸ் இணையத்துக்கு 621ஐப் பயன்படுத்துகிறது. இந்த எண்ணுடன், பிபிபிஓஇ என்ற முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட வேண்டும். எண் தவறாக இருந்தால் இணையம் மெதுவாக வராது, வரவே வராது. ஆகவே "மெதுவாக இருக்கிறது" என்ற புகாருக்கு வீலான் பெரும்பாலும் காரணமில்லை. தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் இருண்டு கிடந்தால், 600ஐப் புதிய ரவுட்டரில் பதிய மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

94 என்ற எண்

பட்டணத்துக்குப் பக்கத்துத் தாமானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வீடு. 300 மெகாபிட் திட்டம். புது ரவுட்டர் வந்த பிறகு வேகச் சோதனையில் எப்போது பார்த்தாலும் 93, 94. காலையில் பார்த்தாலும் 94, நள்ளிரவில் பார்த்தாலும் 94. "தம்பி, மலிவாக வாங்கவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றார். வேகம் ஏறி இறங்கினால் அது நெரிசல், அல்லது வைஃபை. கோடு போட்டது போல ஒரே எண்ணில் நின்றால், அங்கே எதுவோ அளவு கட்டி வைத்திருக்கிறது என்று பொருள். 94 எதனுடைய அளவு என்பதும் வெளிப்படை.

கேபிள் வழிப் போக்குவரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் என்று ஒரு பழைய தரம் உண்டு. அதற்கு அடுத்தது 1000. கேபிள் மாட்டும் நூறு மெகாபிட் துளையில் தரவு சிறு சிறு பொதிகளாகப் போகிறது. ஒவ்வொரு பொதிக்கும் முன்னுரை, முகவரி, சரிபார்ப்பு, பொதிக்கும் பொதிக்கும் இடையே சிறு இடைவெளி என்று கம்பியில் 1538 பைட் செலவாகும். அதில் நமக்கு வந்து சேரும் உண்மையான சரக்கு 1460 பைட்டுக்கு மேல் இல்லை. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 95க்குச் சற்றுக் குறைவு. பிபிபிஓஇ தன் பங்குக்கு இன்னும் 8 பைட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 94. உங்கள் வீட்டில் சோதனை 94ஐ ஒட்டியே நிற்கிறது என்றால், சோதனைக் கருவிக்கும் பிடியூவுக்கும் இடையில் எங்கேயோ ஓர் இணைப்பு நூறு மெகாபிட்டில் ஓடுகிறது. லைன் மீது சந்தேகப்பட வேண்டாம்.

அந்த வீட்டில் ரவுட்டரின் பெட்டி மேல் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் 300ஐயும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் 867ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் உயர்த்திப் போட்ட எண் அது. இரண்டும் காகிதக் கணக்கு. ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பேசும். பின்புறத்தில் கேபிள் மாட்டும் துளைகள் என்ன வேகம் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 1200 என்று விற்கப்படும் மலிவு ரவுட்டர்களில் பின்புறத் துளைகள் வெறும் நூறாக இருப்பது உண்டு. மேற்கூரையில் எவ்வளவு பெரிய தொட்டி வைத்திருந்தாலும் குழாயின் அகலம்தான் தண்ணீரைத் தீர்மானிக்கும் என்பதை நம் வீட்டார் அறிவார்கள். ஆனால் கடையில் நிற்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கேபிள் துளை கிகாபிட்டா?"

ஆசிரியை வாங்கிய ரவுட்டர் கிகாபிட்தான். அவர் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். குற்றவாளி கேபிள். வீடு கட்டியபோது சுவருக்குள் போட்ட பழைய கேபிளைப் பயன்படுத்தி, ரவுட்டரைக் கூடத்து அலமாரிக்கு நகர்த்தியிருந்தார்கள். முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது ஆரஞ்சு நிறக் கம்பி ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் முள்ளில் கடிபட்டிருந்தன. நீலமும் பழுப்பும் வெட்டிவிடப்பட்டிருந்தன. இது அந்தக் காலத்துச் சிக்கனம். நூறு மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும். மிச்ச நாலு கம்பியில் தொலைபேசியை ஓட்டிக்கொள்ளலாம். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இரு பக்கத்துப் பெட்டிகளும் தமக்குள் பேசி, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. நல்ல கேபிள் ஒன்றைச் சுவருக்கு வெளியே இழுத்து மாட்டியதும் வேகம் 300ஐத் தொட்டது.

முனைக்குள் பித்தளைப் பச்சை படிந்திருந்தாலும், எலி கடித்திருந்தாலும், இடியில் துளை அரைகுறையாகக் கெட்டிருந்தாலும் இதே கதைதான். இடி விழுந்த மறுநாள் "ரவுட்டர் வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக" என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்தத் துளையைத்தான். ஃபைபர் கண்ணாடி என்பதால் அது வழியாக மின்னல் வராது. ஆனால் மின்சாரப் பிளக் வழியாக வரும்.

இதில் நிறுவனத்துக்கும் பழைய பங்கு உண்டு. 2010 மார்ச்சில் யுனிஃபை தொடங்கியபோது வீட்டுத் திட்டங்கள் 5, 10, 20 மெகாபிட் என்ற அளவில்தான் இருந்தன. அன்று வீட்டுக்கு வந்த ரவுட்டருக்கு நூறு மெகாபிட் துளை தாராளம். 2018ல் மொத்த விற்பனை விலைக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி வரம்பு கட்டியதும், சில்லறைத் திட்டங்களின் வேகம் பத்து மடங்கு வரை கூட்டப்பட்டது. லைன் வேகம் ஒரே நாளில் ஏறியது. அலமாரியில் இருந்த பழைய ரவுட்டர் அப்படியே இருந்தது. அப்போது சொந்த ரவுட்டர் வாங்கியவர்கள்தான் புத்திசாலிகள். எனவே "எங்கள் பெட்டியைப் போடுங்கள்" என்பது எப்போதும் சரியான பதில் ஆகாது.

பெட்டிக்குள் இருக்கும் மூளை

துளையும் கேபிளும் கிகாபிட். ஆனாலும் 500 மெகாபிட் திட்டத்தில் 200, 250க்கு மேல் ஏறவில்லை. இந்தப் புகார் கொஞ்சம் நுட்பமானது.

வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொதிக்கும் ரவுட்டர் இரண்டு வேலை செய்ய வேண்டும். பிபிபிஓஇ உறையைக் கழற்ற வேண்டும். பிறகு வீட்டில் உள்ள எந்தக் கருவிக்கு அது என்று பார்த்து முகவரி மாற்ற வேண்டும். விநாடிக்குப் பல்லாயிரம் பொதிகள். இதைச் செய்வதற்கென்றே சிப்பில் தனிப்பாதை வைத்த ரவுட்டர்களுக்கு இது சுமையே இல்லை. அந்தப் பாதை இல்லாமல், சாதாரண செயலியே எல்லாவற்றையும் சுமந்தால் அது பாதி வழியில் மூச்சு வாங்கிவிடும். பிபிபிஓஇ பயன்படுத்தாத நாடுகளில் நன்றாக ஓடுகிற அதே ரவுட்டர் இங்கே தள்ளாடுவதற்கு இதுதான் காரணம். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பி வைத்த விலையுயர்ந்த ரவுட்டர் நம் ஊரில் ஏன் சோடை போனது என்று வியப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: தனிப்பாதை இருக்கும் ரவுட்டரிலும் அது தானாக அணைந்துவிடக்கூடும். பிள்ளைகள் பார்க்கும் பக்கங்களைக் கண்காணிப்பது, ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு செலவானது என்று கணக்கு வைப்பது, விளையாட்டுக்கு முன்னுரிமை தருவது போன்ற வசதிகளை இயக்கினால், ஒவ்வொரு பொதியையும் செயலி பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். பல ரவுட்டர்களில் அப்போது தனிப்பாதை நின்றுவிடும். அவற்றை அணைத்துவிட்டு மறுபடி சோதித்தால் வேகம் இரட்டிப்பானதைக் கண்டிருக்கிறேன். முன்னுரிமை வசதியில் "உங்கள் இணைப்பின் வேகம் எவ்வளவு" என்று ஒரு கட்டம் இருக்கும்; அதில் 100 என்று முன்பே போட்டிருந்தால், நீங்கள் 500க்குப் பணம் கட்டினாலும் ரவுட்டர் 100ஐத் தாண்ட விடாது.

சில பக்கங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஒரு பொதியின் உச்ச அளவைச் சொல்லும் எம்டியூ என்ற அமைப்பைப் பாருங்கள். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 என்பது 1492 ஆக வேண்டும். சில ரவுட்டர்கள் தாமாகச் செய்துகொள்ளும். சிலவற்றுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். வங்கிப் பக்கம் திறக்கவில்லை, ஆனால் காணொளி ஓடுகிறது என்ற விநோதப் புகார்களில் இது அடிக்கடி அகப்படும்.

பழைய பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னால் புதியதை மாட்டுகிறவர்களும் உண்டு, குறிப்பாக பிடியூவும் ரவுட்டரும் ஒன்றாக வந்த வீடுகளில். இதனால் வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் முகவரி இரண்டு முறை மாறுவதால், வெளியூரிலிருந்து வீட்டுக் கண்காணிப்புக் கேமராவைப் பார்க்க முடியாமல் போகும். சில விளையாட்டுகள் சேராது. அதைவிட, இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே அலைவரிசையில் வைஃபையை ஒலிபரப்பி ஒன்றையொன்று கெடுக்கும். பழைய பெட்டியின் வைஃபையையாவது அணைத்துவிட வேண்டும். முடிந்தால் அதை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்தைக் கேட்கலாம்.

வைஃபை பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எல்லாரும் அதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். வேகச் சோதனையைக் கைப்பேசியில் செய்து லைனைக் குறை சொல்லாதீர்கள் என்பது மட்டும் போதும். கேபிள் மாட்டிய கணினியில் சோதியுங்கள். அதில் சரியாக இருந்து கைப்பேசியில் மட்டும் குறைந்தால் அது வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், ஆனால் வரிசை வீடுகளில் அத்தனை பேரும் அதில்தான் இருக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவருக்கு மேல் தளர்ந்துவிடும்.

வெளிநாட்டு அறிவுரை

காணொளிகளில் வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளுக்கானவை. அங்கே கேபிள் தொலைக்காட்சிக் கம்பி வழியாக இணையம் வரும் வீடுகள் கோடிக்கணக்கில் உள்ளன. டாக்சிஸ் என்ற அந்த முறையில் வாடிக்கையாளர் தன் சொந்த மோடத்தையே வாங்கி மாட்டலாம்; நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாதிரிகளின் பட்டியலில் அது இருக்க வேண்டும். எத்தனை அலைவரிசைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பழைய 8 அலைவரிசை மோடம் 300 மெகாபிட்டை ஒட்டி நின்றுவிடும். 32 பிடிக்கும் மோடம் அதைத் தாண்டிப் போகும். "மோடத்தை மாற்றினால் வேகம் கூடும்" என்று அவர்கள் சொல்வது அங்கே உண்மை. அதை நம்பி அந்த வகை மோடத்தை இங்கே வாங்கினால், மாட்டுவதற்குத் துளைகூட இருக்காது.

நம் ஊரில் அதற்கு நிகரான காலம் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பழைய இணையச் சேவையின் காலம். செம்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்தபோது, இணைப்பு நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதுதான் வேகத்தை முடிவு செய்தது. நல்ல சிப் உள்ள சொந்த மோடம், அதே இரைச்சல் மிகுந்த கம்பியில் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக் கொடுத்தது. அந்த நினைவில்தான் பெரியவர்கள் பலர் இன்றும் "நல்ல மோடமாகப் பார்த்து வாங்கு" என்கிறார்கள். ஃபைபரில் அந்தக் கணக்கு செல்லாது. கண்ணாடியில் ஒளி போதிய அளவு வந்தால் முழு வேகம். வராவிட்டால் சிவப்பு விளக்கு.

செம்பனைக்கு நடுவில்

இதுவரை சொன்னது தாமான்காரர்களுக்கு. எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்களின் பக்கம் போனால் நிலைமை மாறுகிறது. தோட்டத்து உட்புறக் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு இணையம் என்றால் கைப்பேசிக் கோபுரம்தான். சிம் போட்ட மோடம் ஒன்று சன்னல் ஓரத்தில் நிற்கும். 1960களில் இந்த நாட்டின் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் இதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் வீ.தி. சம்பந்தன். அவர் தொகுதியின் தோட்டங்களில் பிள்ளைகள் அலைக்காக மோடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடப்பது எனக்கு உறுத்துகிறது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது இது எவ்வளவு பெரிய குறை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தக் காலத்தில்தான் தோட்டத்து வீடுகளில் சொந்த மோடம் பெருகியது. இங்கேதான் சொந்த மோடம் உண்மையிலேயே வேகத்தைக் கூட்டவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

முதலில் அலைவரிசை. நம் நாட்டில் 4ஜி பெரும்பாலும் பேண்ட் 1, 3, 7, 8 என்று எண்ணிட்ட அலைவரிசைகளில் ஓடுகிறது. சில சேவைகள் 5ஐயும் 40ஐயும் பயன்படுத்துகின்றன. பேண்ட் 8 என்பது 900 மெகாஹெர்ட்ஸ்: தூரம் போகும், இலைகளைத் தாண்டும், ஆனால் அகலம் குறைவு. பேண்ட் 7 என்பது 2600: வேகம் தரும், ஆனால் செம்பனை ஓலை நனைந்திருந்தாலே வாடிவிடும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மோடம் 2, 4, 12, 66 என்று வேறு எண்களைத் தேடும். அதுவும் இயங்கும், ஏனென்றால் ஒன்றிரண்டு எண்கள் பொதுவாக இருக்கும். ஆனால் கோபுரம் தரும் நல்ல அலைவரிசை அதன் காதில் விழாது. வாங்குமுன் பெட்டியில் உள்ள பேண்ட் பட்டியலைப் பார்ப்பது, விலையைப் பார்ப்பதைவிட முக்கியம். 2021 டிசம்பர் 31க்குள் 3ஜி சேவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. யாராவது பழைய 3ஜி மோடத்தைச் சகாய விலைக்குத் தந்தால் வாங்க வேண்டாம். 5ஜி மோடம் என்றால் என்28, என்78 என்ற இரண்டு அலைவரிசைகளும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது வகை. மலிவு 4ஜி மோடங்கள் பெரும்பாலும் கேட் 4 வகை. ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையைப் பிடிக்கும், காகிதத்தில் 150 மெகாபிட். கேட் 6 இரண்டைச் சேர்த்துப் பிடிக்கும், காகிதத்தில் 300. தோட்டத்தில் அந்த எண்களை யாரும் காணப் போவதில்லை. ஆனால் மாலை நெரிசலில் ஒன்று அடைபட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது பெரிய வேறுபாடு.

பிறகு ஆண்டெனா. இதைப் பற்றித்தான் நான் நிறைய பேசுவேன், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது இங்கேதான். கூரைக்கு மேல் ஒரு கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டி, பத்து மீட்டர் மெல்லிய கேபிளில் கீழே மோடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆர்ஜி58 போன்ற சாதாரண கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மீட்டருக்குச் சுமார் ஒரு டெசிபெல் தின்றுவிடும். பத்து மீட்டருக்குப் பத்து டெசிபெல். அதாவது மேலே பிடித்த வலிமையில் பத்தில் ஒரு பங்குதான் கீழே இறங்குகிறது. ஆண்டெனா சேர்த்ததைக் கேபிள் குடித்துவிடுகிறது. "ஆண்டெனா போட்டும் ஒன்றும் மாறவில்லை" என்று சொன்ன ஒரு வீட்டில், மோடத்தையே கூரையின் அடியில் தகரம் மறைக்காத இடத்துக்குத் தூக்கி வைத்து, கேபிளை ஒரு மீட்டருக்குக் குறைத்து, அங்கிருந்து வீட்டுக்குள் சாதாரண இணையக் கேபிளை இறக்கினோம். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளை காணொளிப் பாடத்தை நிற்காமல் பார்க்க முடிந்தது. இணையக் கேபிள் நூறு மீட்டர் வரை எதையும் இழக்காது. ஆண்டெனா கேபிள்தான் குட்டையாக இருக்க வேண்டும். மோடத்தில் இரண்டு ஆண்டெனாத் துளைகள் இருக்கும். இரண்டையும் மாட்ட வேண்டும். கோபுரம் இரண்டு ஓடைகளாக அனுப்புகிறது. ஒன்றை மட்டும் பிடித்தால் பாதி வேகம் அங்கேயே போய்விடும். இரண்டையும் ஒரே திசையில் நேராக நிறுத்தாமல், பெருக்கல் குறி போலச் சாய்த்து வைக்க வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்று ஊகிக்க வேண்டாம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அலையின் வலிமை: -80க்குப் பக்கத்தில் நன்று, -110க்குக் கீழே போனால் திண்டாட்டம். இரண்டாவது இரைச்சலுக்கு மேல் அலை எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது: 20 என்றால் அருமை, 0 என்றால் பரிதாபம். நான் இரண்டாவதைத்தான் அதிகம் நம்புகிறேன். வலிமை கொஞ்சம் குறைந்தாலும் இரைச்சல் குறைவான திசையே வேகம் தரும். கைப்பேசியில் தெரியும் கோடுகளை நம்பி ஆண்டெனா திருப்புவது வீண்வேலை.

இவ்வளவும் சரியாக இருந்தும் மாதத் தொடக்கத்தில் பறந்து, சில நாட்களில் தவழ ஆரம்பித்தால், அது மோடத்தின் குற்றமில்லை. கைப்பேசித் திட்டத்தின் சிம்மை மோடத்தில் போட்டிருப்பார்கள். "வரம்பில்லா இணையம்" என்ற விளம்பரத்தின் அடியில், மற்ற கருவிகளுக்குப் பகிர்வதற்கு மட்டும் தனி வரம்பு இருக்கும். மோடத்தில் போட்டால் அந்த வரம்பு கரைந்து, வேகம் கட்டிப் போடப்படும். வீட்டுத் திட்டத்தின் சிம் என்றால், கொடுத்த மோடத்திலேயே, பதிந்த முகவரியிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். இதைச் சுற்றிப் போவதற்கென்றே அடையாள எண் மாற்றிய மோடங்கள் இணையக் கடைகளில் தாராளமாக விற்கின்றன. தயவுசெய்து வேண்டாம். நிறுவனம் வடிகட்டும் முறையை மாற்றும் நாளில் அது செங்கல்லாகிவிடும். யாரிடமும் முறையிட முடியாது. இந்நாட்டில் விற்கப்படும் தொடர்புக் கருவிக்கு, தரச் சோதனை நிறுவனமான சிரிமின் சான்றிதழும் முத்திரையும் வேண்டும். அது இல்லாத மோடத்துக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதைவிட, திட்டத்தின் பொடி எழுத்தைக் கடையிலேயே நின்று படிக்கச் சொல்வது மேல்.

புகார் செய்யும்போது

நிறுவனம் கொடுத்த ரவுட்டரைத் தூக்கி எறியாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். புகார் நாளில் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதை மாட்டி, கணினியைக் கேபிளில் இணைத்து, காலையில் ஒன்றும் இரவு ஒன்பது மணிவாக்கில் ஒன்றுமாக வேகச் சோதனை செய்து, திரையைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு அதே கேபிளில், அதே கணினியில் சொந்த ரவுட்டரை மாட்டிச் சோதியுங்கள். இரண்டிலும் குறைவு என்றால் லைன். சொந்தத்தில் மட்டும் குறைவு என்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று. எண்களைப் படிக்கும்போது, திட்டத்தில் எழுதியிருப்பது மெகாபிட் என்பதையும், கணினி கோப்பு இறக்கும்போது காட்டுவது மெகாபைட் என்பதையும் மறக்க வேண்டாம். எட்டால் வகுத்தால், 300 என்பது விநாடிக்கு 37 மெகாபைட்டை ஒட்டி வரும்.

தொழில்நுட்பர் வீட்டுக்கு வந்தால், பிடியூவுக்கு வரும் ஒளியின் அளவை அளந்து காட்டச் சொல்லுங்கள். அவர் கையில் அதற்குக் கருவி இருக்கும். டிபிஎம் என்ற அளவில், -27க்குக் கீழே போனால் பெட்டியால் படிக்க முடியாது. அதை நெருங்கினாலே மழைநாளில் அறுந்து அறுந்து வரும். சோபாவுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பி கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று அவர் வருமுன் நீங்களே பார்த்துவிடலாம். அளந்த எண்ணைக் கேட்டுத் தேதியுடன் எழுதி வையுங்கள். வீலான் எண்ணையும் பயனர் பெயரையும் அந்த வேளையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து எண் வாங்க வேண்டும். அவர்கள் தீர்க்கவில்லை என்றால், அந்தப் புகார் எண்ணையும் கேபிள் வழிச் சோதனைப் படங்களையும் ஒளி அளவையும் சேர்த்து எம்சிஎம்சியின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பலாம். வைஃபையில் எடுத்த படத்தை அதில் சேர்க்க வேண்டாம். முதலில் தள்ளுபடியாவது அதுதான்.